சாக்கில் வந்த பீட்சா

திருமலைச்சாமிக்கு மூக்கு இருந்தது முகத்துக்கு அழகாக மட்டும்தான். கொடைக்கானலுக்கு மேலே பூண்டி மலைக்கிராமத்தில் பிறந்து, மலைப்பூண்டு விதைத்து, பிடுங்கி, புகை போட்டே ஐம்பது வயதைத் தொட்டவர். அந்த வாசனை அவருக்கு எப்போதோ செத்துப்போயிருந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் டவுன்காரன் முகத்தைச் சுளித்தால், "என்னய்யா, வேப்பெண்ணெ குடிச்சவன் மாதிரி பாக்குறே?" என்பார். அவன் எதற்குச் சுளிக்கிறான் என்று அவருக்கு நிசமாகவே விளங்காது.

இந்த வருசம் அவர் மனைவி அன்னக்கொடிக்கு வயிற்றில் கட்டி. மதுரை ஆஸ்பத்திரியில் ஊசி ஏற்றுகிறார்கள். அதற்குப் பிறகு சோறு அவளுக்கு வேம்பாகிவிட்டது. எதை வைத்தாலும் ஓங்கரிப்பு. டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார்: "இன்னும் எடை எறங்குனா அடுத்த ஊசி போட முடியாது. எது பிடிக்குதோ அதைக் குடுங்க."

பூண்டு சேர்த்தாலே குமட்டுகிறது என்றாள். அன்றே அவர் சமையலில் பூண்டை நிறுத்தினார். பூண்டு விவசாயி வீட்டில் பூண்டில்லாத ரசம். ஊர் சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும். அப்படியும் அவள் தின்னவில்லை.

ஒரு நாள் அவளாகவே வாயைத் திறந்தாள். "அந்த டீச்சரம்மா வீட்டு பீட்சா ஒரு துண்டு கெடச்சா திம்பேன் போல இருக்குங்க."

கல்யாணத்துக்கு முன்னால் கொடைக்கானலில் ஒரு டீச்சரம்மா வீட்டில் சமையல் வேலை பார்த்தவள் அவள். வெறும் தக்காளியும் சீஸும் வைத்து அவளே சுட்டிருக்கிறாள். திருமலைச்சாமி கொடைக்கானலுக்கு அடுத்த பஸ்ஸைப் பிடித்தார்.

டவுன் ஓட்டல்களில் விலைப்பலகையைப் பார்த்தே திரும்பிவிட்டார். அப்படியே வாங்கினாலும் ஊர் போய்ச் சேர்வதற்குள் செருப்புத்தோல் ஆகிவிடும். ஐஸ்பெட்டியில் வைத்து விற்கிற பீட்சாவை வாங்கி வீட்டில் சுட்டுக்கொள்ளலாம் என்று டீக்கடைக்காரர் வழி சொன்னார்.

அந்தக் கடையில் ஒவ்வொரு டப்பாவாக எடுத்து, விதைப்பூண்டைத் தேர்வு செய்வதுபோல உள்ளங்கையில் தூக்கிப் பார்த்தார். கனத்தது ஒன்று, விலையும் குறைவு.

"அது ஒன்னு வாங்கினா ஒன்னு ஃப்ரீண்ணே," என்றாள் கடையில் நின்ற ரோகிணி.

"இதுல பூண்டு கெடக்கா ஆத்தா?"

"கார்லிக் பீட்சாண்ணே. பூண்டுதான் அதுல டேஸ்டே."

கையைச் சுட்டதுபோல டப்பாவைக் கீழே வைத்தார். "எங்க வீட்டுப் பரண்ல கெடக்கிறதை இங்க வந்து காசு குடுத்து வாங்கவா? பூண்டே சேராதது ஒன்னு பாத்துக் குடு. வீட்டம்மாவுக்கு."

"பொண்டாட்டிக்குப் பீட்சாவா! எங்க வீட்டு மனுசன் ஒரு பஜ்ஜி வாங்கித் தந்ததில்ல."

"வயித்துல கட்டி. சோறு எறங்கல."

ரோகிணியின் சிரிப்பு நின்றது. ஐஸ்பெட்டிக்குள் கையை விட்டு ஒவ்வொரு டப்பாவையும் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தை விரல் வைத்துப் படித்தாள். எல்லாவற்றிலும் பூண்டு. கடைசியில் அடியில் கிடந்த சின்ன டப்பா ஒன்று தேறியது. இருப்பதிலேயே சின்னது, விலையோ அதிகம். மருந்தடிக்கிற பம்புக்கு வாஷர் வாங்க வைத்திருந்த பணமும் அதில் போனது. பம்பு ஒழுகட்டும் என்று நினைத்துக்கொண்டார்.

"ஓவன் இல்லேன்னா தோசைக்கல்லுல வச்சு மூடுங்க. ஊரு தூரமாண்ணே? உருகிறப்போவுது."

"அதை நான் பாத்துக்கிறேன்."

ஐஸ்கட்டியைச் சாக்கில் சுற்றி மலையேற்றுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர். கையோடு சாக்கு கொண்டுவந்திருந்தார், ஓடையில் அலசி வெயிலில் காயவைத்தது. டப்பா இருந்தால் சுற்று இறுகாது என்று அட்டையைப் பிய்த்தார். பிய்த்த வேகத்தில் உள்ளே இருந்த பிளாஸ்டிக் உறையும் ஒரு பக்கம் கிழிந்தது. அதனால் என்ன, சாக்குதான் சுத்தமாயிற்றே. நாலு சுற்றுச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"என்ன மாமா, பிள்ளையத் தூக்கிட்டு வர்ற மாதிரி வர்றீரு? அரை டிக்கெட் போடவா?" என்றான் கண்டக்டர் முருகானந்தம்.

"வெரசா வண்டியை விடச் சொல்லுலே!"

வீட்டில் தோசைக்கல்லில் வைத்து மூடி, விறகை இழுத்துத் தீயைத் தணித்தார். சீஸ் உருகி நூலாக இழுத்தது. அன்னக்கொடி எழுந்து உட்கார்ந்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு தட்டுக்கு அவளாகவே கை நீட்டினாள். துண்டை வாயருகே கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினாள்.

"பூண்டு அடிக்குதுங்க."

"இருக்காதுத்தா. அந்தப் பிள்ளை ஒவ்வொன்னா படிச்சுப் பாத்துத்தான் குடுத்துச்சு."

"எதுல கொண்டாந்தீங்க?"

"சாக்குல. அலசுன சாக்கு."

"எந்தச் சாக்கு?"

பூண்டு மூட்டை கட்டுகிற சாக்கு. அதை எடுத்து முகத்தில் வைத்து மூச்சை இழுத்தார். ஒன்றுமே தெரியவில்லை. வெறும் சணல். "ஒரு வாசமும் இல்லையே!"

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" அவள் குரலில் கோபம்கூட இல்லை. "தலகாணில அடிக்குது. குடிக்கிற தண்ணில அடிக்குது. ராவும் பகலும் பரண்ல இருந்து எறங்குது. நான் எதைத் திங்க?"

"இத்தன நாளா சொல்ல வாயில்லையா உனக்கு?"

"விதைப்பூண்டுங்க. அதை எங்க கொண்டுபோயி வப்பீங்க?"

அவர் மேலே பார்த்தார். அடுப்புக்கு நேர் மேலே, கரியேறிய பரண் நிறையப் பூண்டுக்கட்டு. கீழேயிருந்து புகை ஏறினால்தான் விதை கெடாமல் நிற்கும். இந்த ஈரத்தில் புகையில்லாமல் வைத்தால் பூசணம் பிடிக்கும். அடுத்த போகமும் அதுதான், மதுரைச் செலவும் அதுதான். ரசத்தில் ஒரு பல்லை நிறுத்திவிட்டுப் பெரிய தியாகம் செய்ததாக நினைத்திருந்தார்.

ஏணியைச் சாத்தினார். கட்டுக்கட்டாக இறக்கித் தோளில் போட்டு, தோட்டத்துக் கீழே இருந்த தகரக் கொட்டகைக்குச் சுமந்தார். பக்கத்து வீட்டு ராக்கம்மா கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

"ஏலே சாமி, கிறுக்குப் பிடிச்சிருச்சா? மஞ்சு எறங்குற நேரத்துல விதைய வெளிய போடுறே! பூசணம் பூத்துப் போயிரும்லே."

"பூக்கட்டும்."

பரண் காலியானதும் கதவு, சன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டார். சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்தார். சாம்பல் போட்டுத் தேய்த்தார். மோந்து பார்த்தார். போனதா இருக்கிறதா என்று சொல்ல அந்த மூக்குக்குத் தெரியவில்லை.

அன்னக்கொடி தட்டோடு வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள். காற்று மேலேயிருந்து கொட்டகைப் பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தது. "மேல இருக்கிறதை வழிச்சுட்டு அடி ரொட்டிய மட்டும் தின்னு பாக்குறேன்," என்றாள். அவர் இரண்டு எட்டு வைத்தார்.

"கிட்ட வராதீங்க. அங்கனயே நில்லுங்க."

நின்றார். நின்றவர் நினைத்துப் பார்த்து, காற்று தன்மேல் பட்டு அவள் பக்கம் போகாத இடமாகச் சுற்றிப் போய், முருங்கைக்காய் மாதிரி விறைத்து வேலியோரம் நின்றார். மஞ்சு மூட்டமாக இறங்கி வாசலை மறைத்தது. அவள் கை வாய்க்குப் போகிறதா என்று தெரியவில்லை. ஓங்கரிக்கிற சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். இதுவரைக்கும் கேட்கவில்லை.