காலித் தொட்டிலின் எடை

நம்பினால் நம்புங்கள். இது என் தங்கை வீட்டுக்காரருக்கு நடந்தது. அதுவும் பட்டப்பகலில். பேய் என்று பேச்செடுத்தாலே என்னைக் கிண்டல் செய்கிற மனிதர் அவர். இப்போது அந்தப் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுகிறார்.

எடை காட்டும் குழந்தைத் தொட்டில் செய்யும் கம்பெனியில் அவர் புரோகிராமர். கம்ப்யூட்டருக்குள் எடை 4.21374 என்று வால் நீண்டுகொண்டே போகுமாம். அந்த வாலை நறுக்கி, திரையில் 4.2 என்று எழுதிக் காட்டுவது அவருடைய புரோகிராம். கிராம் கணக்குத் தெரியவில்லை என்று தாய்மார்கள் குறைப்பட, முழு எண்ணையும் காட்டச் சொல்லிவிட்டார் மேனேஜர். சோதித்துப் பார்க்க இவர் ஒரு தொட்டிலை வீட்டுக்கே கொண்டுவந்தார். படுப்பதற்கு ஆளும் தயார். நாற்பது நாள் மகள்.

மதியம் 2.10. புரோகிராமிலிருந்து அந்த வாலை நறுக்கும் வரியை நீக்கினார். எண் நீண்டது. கடைசி இலக்கங்கள் ஏறின... இறங்கின... மகளின் மூச்சு! அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

2.17. குழந்தை சிணுங்கியது. தங்கை பக்கத்து அறைக்குத் தூக்கிப் போனாள்.

தொட்டில் காலி. பழைய புரோகிராம் என்றால் 0.0 என்று காட்டியிருக்கும்.

0.03124...

ஏறியது. இறங்கியது.

ஃபேன் காற்றாக இருக்கும் என்று நிறுத்தினார். ஜன்னலைச் சாத்தினார். விரித்திருந்த துணி எதிலும் உரசாதபடி சரிசெய்தார்.

0.03127... 0.03121...

கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். நிமிடத்துக்குப் பன்னிரண்டு. கைக்குழந்தை இவ்வளவு நிதானமாக மூச்சு விடாது.

பெரியவர்கள் விடுவார்கள்.



2.26.

0.00000

அதே நொடி... பக்கத்து அறையில் குழந்தை வீரிட்டது.

ஓடினார். தங்கை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். திரும்பவில்லை.

"ஏங்க... என் தோள் மேல மூச்சு விட்டது நீங்கதானே?"

"நான் இப்பதான் உள்ளயே வரேன்."

மறுநாள் மேனேஜருக்குப் போன் செய்தார்.

"சார், இந்தத் தொட்டில் இதுக்கு முன்னாடி எந்த ஆஸ்பத்திரியில இருந்துச்சு?"

"எங்கயும் இல்லப்பா. போன வாரம்தான் செஞ்சோம். உன் பொண்ணுதான் அதுல முதல்ல படுத்தவ."

அப்படியென்றால் அது தொட்டிலோடு வந்ததில்லை. வீட்டில்தான் இருந்திருக்கிறது.

தொட்டிலை அன்றே திருப்பி அனுப்பிவிட்டார். மகள் இப்போது சாதாரண மரத்தொட்டிலில் தூங்குகிறாள். அவளோடு வேறு யாராவது படுத்திருந்தாலும்... அதில் எடை காட்டாது.