ரெண்டு கிளிக்

எந்த வீட்டுக்குப் போனாலும் அவர் சோபாவை உள்ளங்கையால் ஒரு அமுக்கு அமுக்கிவிட்டு, அது எழும்பி வருவதைப் பார்த்த பிறகுதான் உட்காருவார். பல் டாக்டரின் நாற்காலியைக்கூட விட்டுவைக்கவில்லை. "ஸ்பிரிங் நல்லா இருக்கு டாக்டர். மேல வர்றதுலதான் கொஞ்சம் அவசரம்" என்றாராம். டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டார்.

மண் தடத்தில் பந்தயம் ஓடும் பைக்குகளுக்கு சஸ்பென்ஷன் சரிசெய்வது அவருடைய தொழில். மேட்டிலிருந்து பறந்து வந்து விழும் பைக்கின் முன்சக்கரத்தைத் தாங்குவது இரண்டு ஃபோர்க் குழாய்கள். உள்ளே ஸ்பிரிங், ஆயில்; ஒவ்வொரு குழாயின் தலையிலும் ஒரு சின்னத் திருகு. இறுக்கினால் ஆயில் போகும் வழி குறுகி ஃபோர்க் விறைக்கும், தளர்த்தினால் இளகும். கொஞ்சம் திருப்பினால் ஒரு 'கிளிக்'. யார் வந்து என்ன குறை சொன்னாலும் "ரெண்டு கிளிக் போதும்" என்பார். அதனால் ஆளுக்குப் பெயரே ரெண்டு கிளிக் என்று ஆகிவிட்டது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் தடத்தில் ஒருவருக்கும் தெரியாது.

தகரக் கூரைப் பட்டறைதான் என்றாலும் தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம், அவ்வளவு சுத்தம். பேச்சுதான் அவருக்கு வராது. பந்தயத்துக்கு முன்பு கைகால் உதறலோடு யாராவது வந்து "அண்ணே, ஃபோர்க் சரியில்ல" என்றால், குனிந்து ஸ்க்ரூ டிரைவரை வைத்து நாக்கால் 'டிக், டிக்' என்று சத்தம் கொடுத்துவிட்டு நிமிர்ந்துவிடுவார். திருகு நகர்ந்திருக்காது. அந்த ஆள் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "வெண்ணெய் மாதிரி இருக்குண்ணே!" என்பான். இவரும் வெட்கமே இல்லாமல் தலையாட்டிக்கொள்வார்.

இந்த வித்தை பலிக்காத ஒரே ஆள் அவருடைய அக்கா. இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். பைக்கோடு மண் தடத்தில் இறங்கிவிட்டால் பாதிப் பேர் அவர் கிளப்பும் புழுதியைத்தான் தின்ன வேண்டும். பைக்கை அமுக்கத் தெரிந்தவர் தம்பி. தம்பியை அமுக்கத் தெரிந்தவர் அக்கா. சின்ன வயதிலிருந்து அக்கா சொன்ன ஒன்றுக்கும் அவர் மாட்டேன் என்று சொன்னதில்லை.

போன பந்தயப் பருவத்தில் அக்காவுக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் பிரித்தாயிற்று, கை தேறிவிட்டது என்றார். வருகிற ஞாயிற்றுக்கிழமை பந்தய அணிக்கு ஆள் எடுக்கும் ஓட்டம். "இந்த வருஷம் விட்டா அவ்ளோதான்டா. அடுத்த வருஷம் சின்னப் பொண்ணுங்க வந்துருவாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு பயிற்சிக்கும் பிறகு வந்து, "தடம் கல்லாப் போச்சுடா, இளக்கு" என்பார். இவரும் இளக்கினார். மறுபடி கேட்டார், மறுபடி இளக்கினார். மூன்றாம் முறை கேட்டபோதுதான் இவருக்கு உறைத்தது, வேறு யாருமே தடத்தைக் குறை சொல்லவில்லை என்பது. மறுநாள் காலையில் தனியாகப் போய்க் குதிகாலால் மிதித்து மிதித்து முழுத் தடத்தையும் நடந்து பார்த்தார். மண் எப்போதும் போல் மெத்தென்றுதான் இருந்தது. தேறாதது அக்காவின் கை.

இனியும் இளக்கினால், பெரிய மேட்டிலிருந்து இறங்கும்போது ஃபோர்க் அடிவரை போய் முட்டும். அந்த அடி மொத்தமும் ஹேண்டில் வழியாக அதே மணிக்கட்டில் இறங்கும். சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை அக்கா வீட்டு வாசல் வரை போய், பிள்ளைகளுக்கு பிஸ்கட் கொடுத்துவிட்டுத் திரும்பினார்.

சனிக்கிழமை சாயங்காலம் அக்கா பட்டறைக்கு வந்தார். கைவிளக்கை எடுத்து, திருகு தெரியும்படி பிடித்துக்கொண்டு சொன்னார்: "டேய், கடைசியா ரெண்டு கிளிக்."

தம்பி ஸ்க்ரூ டிரைவரை நீட்டினார். "நீயே திருப்பேன்க்கா."

"ஏன், உனக்குக் கை வலிக்குதா?"

"எனக்கு வலிக்கல."

அக்கா ஒரு நிமிடம் அவரை முறைத்தார். பிறகு விளக்கை இடக்கைக்கு மாற்றி, வலக்கையால் ஸ்க்ரூ டிரைவரை வாங்கித் திருகில் வைத்தார். ஒரு கிளிக் வந்தது. அடுத்ததற்குக் கை திரும்பவில்லை. பல்லைக் கடித்தார், நெற்றி வேர்த்தது, திருகு அப்படியே நின்றது.

"எப்படிடா தெரியும்?"

"தடத்தை நடந்து பாத்தேன்."

"வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே?"

"அடிப்பியே."

அக்கா சிரித்தார். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. துடைக்கக் கை காலியாக இல்லை.

வலிக்கும் கையிலிருந்து தம்பி ஸ்க்ரூ டிரைவரை மெதுவாக வாங்கிக்கொண்டார். அதே திருகில் வைத்து, எதிர்ப்பக்கம் இறுக்க ஆரம்பித்தார். கை முறிவதற்கு முன்பு அக்கா ஓட்டிய அளவுக்குத்தான் போய்க்கொண்டிருந்தார். நோகும் கையோடு அந்த அளவில் யாராலும் ஒரு சுற்றுக்கூட ஓட்ட முடியாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். "ஒண்ணு" என்று அவர் வாய்க்குள் எண்ணினார். அடுத்த கிளிக்குக்கு அக்காவின் குரலும் சேர்ந்துகொண்டது.

முதல் குழாய் முடிந்தது. அவர் நிமிர்ந்து அக்காவின் முகத்தைப் பார்த்தார். அக்கா இடக்கையில் இருந்த விளக்கை அடுத்த குழாயின் பக்கம் நகர்த்திப் பிடித்தார்.