இருபத்து மூன்று பேரும் ஒரு பெயரும்

கிரானைட் அறுக்கும்போது தண்ணீர் விட்டுக்கொண்டே இருப்பார்கள். அந்த ஈரக்கல் வாசனையும், காது கிழிக்கிற சத்தமும், மத்தியானச் சோற்றில் கடிபடுகிற கல்தூசியும்... என் முதல் வேலை அப்படித்தான் ஆரம்பித்தது.

பெருந்துறை ரோட்டில் ஒரு கல்வெட்டுக் கடை. நான் டிடிபி ஆபரேட்டர். கல்லில் வெட்ட வேண்டிய எழுத்தை கம்ப்யூட்டரில் அமைத்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். இருபது வயது. என்னை விட்டால் ஆளில்லை என்ற நினைப்பு வேறு.

நம்ம பக்கம் கல்வெட்டு என்றால் தெரியுமே... கோயிலோ தண்ணீர்த் தொட்டியோ, எதுவாக இருந்தாலும் உபயதாரர் பட்டியல்தான் முக்கியம். யார் பெயர் முதலில், யாருக்கு என்ன இனிஷியல், இதற்கே பத்து நாள் பஞ்சாயத்து நடக்கும்.

அப்படித்தான் கோபி பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு கல்லுக்கு ஆர்டர் வந்தது. பஸ் ஸ்டாப் நிழற்குடையில் பதிக்க.

அந்த ஊரில் ஒரு தோட்டத்துக் கிணற்றுக்குள் டீசல் இன்ஜின் வைத்துத் தண்ணீர் இறைத்திருக்கிறார்கள். புகை அடைத்து, தோட்டத்துச் சொந்தக்காரரின் மகன்கள் இரண்டு பேரும் உள்ளே மயங்கி விழுந்துவிட்டார்கள். அங்கே கூலிவேலை செய்துகொண்டிருந்த ஆறுமுகம் யாரையும் கேட்கவில்லை, இறங்கிவிட்டார். இருவரையும் ஒவ்வொருவராகக் கயிற்றில் கட்டி மேலே அனுப்பினார். கயிறு மூன்றாவது முறை கீழே போனபோது அதைப் பிடிக்க அவரால் முடியவில்லை.

அவர் நினைவாகத்தான் நிழற்குடை. உபயதாரர்கள் இருபத்து மூன்று பேர்.

தோட்டக்காரர் பெயர் முதல் வரியில், பெரிய எழுத்தில். மற்றவர்கள் தினமும் போன் செய்து தங்கள் எழுத்தைப் பெரிதாக்கச் சொன்னார்கள். நானும் பெரிதாக்கினேன். கடைசியில் இடம் போதவில்லை. என்ன செய்தேன் தெரியுமா... ‘ஆறுமுகம் நினைவாக’ என்ற வரியைச் சுருக்கி அடியில் சேர்த்துவிட்டேன். அந்த வரிக்காக யாருமே போன் செய்யவில்லையே!

கல் வெட்டி முடிந்த மறுநாள், நாலைந்து வயதுப் பெண்குழந்தையோடு ஒரு அக்கா கடைக்கு வந்தார். ஆறுமுகத்தின் மனைவி ராமாத்தாள். இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்.

“ஏனுங் அம்மணி, எங்கூட்டுக்காரரு பேரு இதுல எங்கீங்க இருக்குது? எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. தொட்டுக் காட்டுனீங்கன்னாப் போதும்.”

அடியில் இருந்த வரியைப் பார்த்தேன். அவர் விரலை வைத்தால் முழுப்பெயரும் மறைந்துவிடும். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சட்டென்று முதல் வரியைத் தொட்டுக் காட்டினேன்.

“இதுதானுங்க அக்கா.”

“இத்தனை பெருசாவா போட்டிருக்கறாங்க!”

அந்த எழுத்தை ஒவ்வொன்றாகத் தடவினார். கண்ணை மூடிக் கும்பிட்டார். குழந்தையின் கையையும் பிடித்து அதன்மேல் வைத்தார்.

“வார வருசம் இவளை ஒண்ணாப்புல சேத்தறமுங்க. இவ படிச்சு எனக்குச் சொல்லிப்போடுவா.”

அவர்கள் போனதும் முதலாளி அண்ணனிடம் போய் அழுதுகொண்டே சொன்னேன். எப்போதும் எரிந்து விழுகிறவர், அன்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

“என்ன அம்மணி இப்படிப் பண்ணிப்போட்டே? நாளைக்கு அந்தப் புள்ள எழுத்துக் கூட்டிப் படிச்சா என்னாகும்?”

அண்ணனே தோட்டக்காரருக்கு போன் போட்டார். சாயங்காலம் அவர் வந்தார். சண்டை போடத்தான் வருகிறார் என்று நினைத்தேன். நேராகக் கல் முன்னால் போய் நின்றார்.

“எம்பேரையா கும்புட்டாங்க?” என்று மட்டும் கேட்டார். நான் தலையை ஆட்டினேன்.

“எம்பையனுக ரெண்டு பேரும் இன்னைக்குச் சோறு திங்கறானுகன்னா அது அவரு போட்ட பிச்சைங்க. நாங்க இருபத்திமூணு பேரு பேருக்குச் சண்டை போட்டமுங்க... அவருக்காக ஒருத்தருமே சண்டை போடலையே.”

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அண்ணனிடம் திரும்பினார்.

“கல்லைத் திருப்பிப் போடுங்க. பின்னாடி பாலீஷ் பண்ணி அவரு பேரு மட்டும் வெட்டுங்க. எங்க பேரெல்லாம் செவுத்தப் பாத்துட்டு இருக்கட்டும்.”

அப்படியே செய்தோம். இருபத்து மூன்று பேரும் சிமெண்ட்டுக்குள் போனார்கள். கோபத்தில் சிலர் திறப்புவிழாவுக்கே வரவில்லை. ராமாத்தாள் அக்கா வந்து, நேராக முதல் வரியில் கை வைத்தார். இப்போது அது ஆறுமுகம்தான். நான் கூட்டத்தின் பின்னால் நின்றுகொண்டேன்.

போன மாதம் மகளின் பட்டமளிப்புக்காகக் கனடா போயிருந்தேன். அவள் இருக்கும் சின்ன ஊரின் நடுவில், போரில் இறந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு கல். பக்கத்திலேயே, ஏரியில் மூழ்கியவர்களைக் காப்பாற்றப் போய்த் திரும்பாத மூன்று பேருக்கும் ஒன்று. எல்லாப் பெயரும் ஒரே அளவு. பழக்க தோஷம்... பின்பக்கம் போய் உபயதாரர்களைத் தேடினேன். வெறும் கல்தான். மகள் சிரித்தாள்.

அப்போது ஒரு வயதான அம்மா வந்தார். கையுறையைக் கழற்றிவிட்டு, பெயர்களைத் தானே படித்துக்கொண்டே போய், ஒன்றின்மேல் விரலை வைத்து நின்றார். யாரும் தொட்டுக் காட்ட வேண்டியிருக்கவில்லை. எனக்கு அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை.

ராமாத்தாள் அக்காவின் மகள் இப்போது டீச்சர். அந்த ஸ்டாப்பில்தான் தினமும் பஸ் ஏறுகிறாளாம். அப்பா பெயரை அம்மாவுக்கு எத்தனையோ முறை படித்துச் சொல்லியிருப்பாள். அது சரியாகத்தான் இருக்கும்.

ஆனால் அந்த அக்கா முதன்முதலாகக் கண்மூடிக் கும்பிட்டது தன் கணவர் பெயரை அல்ல. அது எனக்குத் தெரியும். இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.