பால் நின்ற எலியும் பக்கத்துக் கூண்டும்

கிட்ட வந்து உட்காருங்க, இதைச் சத்தமாகச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. எலி வளர்க்கிற வேலையில் வளர்க்கிறது கம்மி, ஊசிக்குப் பிடித்துக் கொடுக்கிறதுதான் ஜாஸ்தி. எழுபதுகளின் கடைசியில், செங்கம் ரோட்டில் ஒரு மருந்து ஆராய்ச்சிக்கூடத்தில் எனக்கு அந்த வேலை. சம்பளத்துக்காக மனசு ஒப்பாததைச் செய்துகொண்டு நின்ற உங்களுக்கு மீதியை விளக்க வேண்டாம்.

உட்கார்ந்தே ஓடியது

உடம்புக்குள்ளே பூட்டு மாதிரி சின்னச் சின்ன இடங்கள் இருக்குமாம். சரியான மருந்து சாவி மாதிரிப் போய்த் திறந்துவிடுமாம். எங்கள் டாக்டரம்மா அப்படித்தான் சொன்னார். முதலில் வந்தது நெஞ்சில் இருக்கிற பூட்டைத் திறக்கிற மருந்து. ஊசி போட்ட எலி மூலையில் அசையாமல் கிடக்கும். கையில் எடுத்தால் நெஞ்சு மட்டும் தையல் மெஷின் மாதிரி அடிக்கும். பிற்பாடு அறுத்துப் பார்த்தால் எலி அதே எலிதான், இதயம் மட்டும் வீங்கியிருக்கும். கூட வேலை பார்த்த முனுசாமி அதைத் தராசில் வைத்துவிட்டுச் சொன்னான்: "உக்காந்த எடத்துலயே கிரிவலம் போயிருக்குதுக்கா, பாவம்."

தீபத்துக்கு மறுநாள்

கார்த்திகை தீபத்தன்று ஊரெல்லாம் வெடி. எலி ரூமுக்கு ஜன்னல் கிடையாது, சத்தத்துக்கு ஜன்னல் எதுக்கு? மறுநாள் ரத்தம் எடுத்தால், பயந்தால் சுரக்கிற நீர் எல்லா எலிக்கும் ஏறிக் கிடந்தது. மருந்து செய்ததா, வெடி செய்ததா, பிரிக்க முடியாதாம். ரூம் முழுக்க வீண். டாக்டரம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இதுங்கள முடிச்சிடுங்க மங்கம்மா. அடுத்த வருஷம் தீபம் என்னிக்குன்னு பாத்துட்டு ஆரம்பிப்போம்."

பாலை நிறுத்துகிற ஊசி

அப்புறம் வந்தது தலைக்குள்ளே இருக்கிற பூட்டைத் திறக்கிற மருந்து. அது திறந்தால் பால் சுரக்கச் சொல்கிற நீர் அடங்கிப்போகும். குட்டி போட்ட ஒரு வெள்ளை எலிக்கு அதைப் போட்டோம். பிறந்த குட்டியின் தோல் கண்ணாடி மாதிரி இருக்கும். குடித்த பால் வயிற்றில் வெள்ளையாகத் தெரியும். ஊசி ஏற ஏற அந்த வெள்ளை குறைந்து, ஒரு காலையில் எந்தக் குட்டிக்கும் இல்லை. பக்கத்துக் கூண்டில் ஊசி போடாத தாய்க்குப் பால் நிறைய. அதனிடம் விடலாமே என்று கேட்டேன்.

விட்டால் மருந்து என்ன செய்கிறதென்று தெரியாது என்றார் டாக்டரம்மா. பிள்ளை தவறிப்போன தாய்மார்களுக்குப் பால் கட்டிக்கொண்டு நோகும், அவர்களுக்குத்தான் இந்த மருந்தாம். எனக்கு முதல் பிள்ளை தங்கவில்லை. அந்த வலி எனக்குத் தெரியும். அதனால் அன்றைய ஊசிக்கும் நானே வெள்ளையைப் பிடித்துக் கொடுத்தேன். முனுசாமிதான் முணுமுணுத்தான்: "இதுக்குப் புள்ளைங்க உசுரோடதானே இருக்குது?"

கூண்டு கழுவின நாள்

அன்று மத்தியானமே மரத்தூள் மாற்ற இரண்டு கூண்டையும் மேஜையில் ஒட்டி வைத்து, மூடியை எடுத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனேன். திரும்பி வந்தால் வெள்ளையின் கூண்டில் குட்டிகளே இல்லை. ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போய்ப் பக்கத்துத் தாயின் மடியில் போட்டுவிட்டது. வெள்ளையின் குட்டி என்று அடையாளத்துக்கு வாலில் ஊதா மை வைத்த அத்தனை குட்டியும் அங்கே முட்டிக் குடித்துக்கொண்டிருந்தன. வெள்ளை தன் கூண்டுக்கே திரும்பி வந்து உட்கார்ந்திருந்தது.

டாக்டரம்மா பார்த்தார். திட்டவில்லை. பிறகு மெதுவாக, "குட்டிங்கள பழைய கூண்டுலயே எடுத்து வெச்சுடுங்க மங்கம்மா. இல்லன்னா இது பட்டதெல்லாம் வீணாப்பூடும்" என்றார்.

எடுத்து வைத்தேன். கடைசிக் குட்டியை வைத்துவிட்டுக் கையை எடுக்கப் போனபோது, அந்தக் கெட்டிக்காரி வெள்ளை ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு வந்து, என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, இன்னொன்றை எடுக்கத் திரும்பியது.