ஞாயிற்றுக்கிழமை பிடிபட்ட மீன்

புள்ளிவிவரக் கடை நடத்துகிறவள் ஊர்பேர் தெரியாத ஆட்களின் தயவில் பிழைக்கிறவள். கடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பாறசாலை ஜங்ஷனில் ஒரு பேக்கரிக்கு மேலே மாடியறை, ஒரு மேசை விசிறி, இரண்டு கம்ப்யூட்டர். ஒன்றில் நான். மற்றதில் தீசிஸ்களை டைப் செய்து, பக்கம் பிரித்து, ஒழுங்காக்கிக் கொடுக்கும் சுனிலண்ணன். கீழே பஃப்ஸ் வெந்து இறங்கும் நேரத்தில் மேலே எங்கள் இருவருக்கும் கணக்கு ஓடாது.

நெய்யாற்றின்கரைப் பக்கமிருந்தும் களியக்காவிளை தாண்டியும் நர்ஸிங் பிள்ளைகள், பி.எட். மாணவர்கள், ஆராய்ச்சிக்காரர்கள் என்று பென்டிரைவும் வாடிய முகமுமாக ஏறி வருவார்கள். ‘ஆர்’ என்ற இலவச மென்பொருளில் அவர்களுடைய தரவைப் போட்டுப் பார்த்து, என்ன வந்திருக்கிறது என்று சொல்வது என் வேலை. கூடவே புள்ளிவிவர வகுப்பும் எடுப்பதால் எல்லாருக்கும் நான் டீச்சர். ஆர் தனியாகவே பல வேலை செய்யும். ஆனாலும் அதன் உயிர் பேக்கேஜ்களில்தான் இருக்கிறது. எங்கோ ஒருவர் தன் தேவைக்கு ஒரு கருவியை எழுதுகிறார். நன்றாக வந்துவிட்டதே என்று ஊருக்கெல்லாம் சும்மா கொடுத்துவிடுகிறார். அதை இறக்கிச் சேர்த்துக்கொண்டால் நம் ஆருக்கும் அந்த வித்தை வந்துவிடும். திரையில் சிவப்பு எழுத்தில் எரர் வந்ததைக் கண்டு தலையில் கை வைத்து உட்கார்ந்தவரா நீங்கள்? அப்படியானால் நாமெல்லாம் ஒரே வார்டில் படுத்தவர்கள். தாராளமாக மேலே படியுங்கள்.

ஒரு ஆளைக் கூப்பிட்டால்

ஜெசிந்தா முதன்முதலாக வந்தபோது நல்ல மழை. லேப்டாப்பைத் துப்பட்டாவுக்குள் பொதிந்து, தான் முழுக்க நனைந்து வந்து நின்றாள். பொழியூர்க் கடற்கரைப் பெண். அப்பா அருள்தாசன் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர். அந்தக் கரையிலிருந்து பிஎச்.டி.க்குப் போன முதல் ஆள் அவள்தான். இன்றைய காற்றை வைத்து நாளைய மீன் வரத்தைக் கணிக்க முடியுமா என்பது ஆராய்ச்சி. சில வருடங்களாகத் தினமும் கரையில் இறங்கிய மீனின் எடையையும் காற்றின் வேகத்தையும் சேர்த்து வைத்திருந்தாள்.

அதற்குப் பொருத்தமான கணிப்புப் பேக்கேஜ் ஒன்று எனக்குத் தெரியும். இறக்கச் சொல்லி ஒரு வரி அடித்தேன். அவ்வளவுதான். அந்த பேக்கேஜ் இன்னொன்றை நம்பியிருக்கிறது, அது வேறு இரண்டை நம்பியிருக்கிறது, அவையும் ஆளுக்குச் சிலதை நம்பியிருக்கின்றன. திரையில் பெயர்கள் மளமளவென்று ஓடின. எனக்கு இது பழகிய காட்சிதான். ஆனாலும் ஒவ்வொரு முறையும் மனம் கொஞ்சம் பணிந்துபோகும். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் சம்பளமில்லாமல் உட்கார்ந்து எழுதிய ஒரு மனிதர் இருக்கிறாரே! ஜெசிந்தா மட்டும் தலை துவட்டுவதை நிறுத்திவிட்டுக் கவலையாகக் கேட்டாள்: “ஒரு ஆளத்தானே டீச்சர் கூப்பிட்டோம்? இது மாமி, மயினி, மயினிக்க பிள்ளைய எல்லாரயும் கூட்டிட்டுல்லா வருது!”

மோகனன் சாரின் மூச்சுப்பயிற்சி

அவளுடைய லேப்டாப்பில் வேலை நடந்துகொண்டிருந்த நாட்களிலேயே மோகனன் சாரும் வந்துபோய்க்கொண்டிருந்தார். செங்கல் பக்கத்தில் ஹைஸ்கூல் வாத்தியார். காலையில் மூச்சுப்பயிற்சி செய்த பிள்ளைகள் கணக்கில் கூடுதல் மார்க் வாங்குவார்கள் என்பது அவருடைய ஆராய்ச்சி, நம்பிக்கை, ஆசை எல்லாம். பயிற்சியைத் தானே சொல்லிக்கொடுத்திருந்தார். தரவைப் போட்டேன். வித்தியாசம் எதுவும் இல்லை.

“வேற பேக்கேஜ்ல போட்டுப் பாருங்க டீச்சரே” என்றார். போட்டேன். அதுவும் இல்லை என்றது. இன்னொன்றில் போட்டேன். அது இல்லை என்று சொன்னதோடு நிற்காமல், இல்லாததை அழகான படமாகவும் வரைந்து காட்டியது. மூன்றையும் எழுதியவர்கள் மூன்று தேசத்துக்காரர்கள். ஒருவரை ஒருவர் பார்த்திருக்கக்கூட மாட்டார்கள். சார் நல்ல மனிதர், மூச்சுப்பயிற்சியும் நல்ல விஷயம். அதற்காக யாரும் அவருக்கு ஒரு மார்க் கூட்டிப் போடவில்லை. இந்த நேர்மைக்காகவே நான் இந்தத் தொழிலை விடாமல் இருக்கிறேன். சார் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “என் வீட்டுக்காரி கூட இவ்வளவு மொகத்துக்கு நேர எங்கிட்ட சொன்னது கெடையாது, கேட்டியளா?”

மீன் பிடித்தது யார்?

ஜெசிந்தாவின் கணிப்பு ஓடி முடிந்த அன்று சுனிலண்ணன் கீழேயிருந்து ஆளுக்கொரு பஃப்ஸ் வாங்கி வந்திருந்தார். படம் பிரமாதமாக வந்திருந்தது. கோடு ஏறி இறங்கி, எங்குமே அறுந்துபோகாமல் ஓடியது. தரவில் அங்கங்கே வெற்றிடம் இருந்ததே என்று அவள் கேட்டாள். விட்டுப்போன நாட்களை முன்னும் பின்னும் பார்த்துப் பேக்கேஜே நிரப்பிவிடும் என்று பெருமையாகச் சொன்னேன். சாதாரணமாக அது சரிதான். யாரோ ஒருநாள் எழுத மறந்துவிட்டால், அந்த ஓட்டையை அடைத்துக் கொடுப்பது பெரிய உபகாரம்.

அவள் விரலால் கோட்டைத் தொட்டுக்கொண்டே போய் ஒரு இடத்தில் நின்றாள். அப்புறம் இன்னொரு இடம், இன்னொரு இடம். பொழியூர்க் கரையில் ஞாயிற்றுக்கிழமை யாரும் வள்ளம் இறக்க மாட்டார்கள். காலையில் மாதா கோயிலில் பூசை, மத்தியானம் வீட்டில் இறைச்சி. கடலுக்கு அன்று லீவு. மீன் இறங்காத நாளில், கரையில் எடை எழுதி அவளுக்குக் கொடுக்கிறவருக்கு மட்டும் என்ன வேலை? அவரும் ஒன்றும் எழுதவில்லை. அந்த வெற்றிடத்தை மறதி என்று எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு ஞாயிறும் கரையில் மீனைக் கொட்டியிருந்தது பேக்கேஜ். “எங்க கரையில ஞாயித்துக்கிழம மீன் புடிச்சது ஆரு டீச்சர்?” என்றாள் ஜெசிந்தா.

பூஜ்யமும் ஆகாது

கேட்பதற்குச் சிரிப்பாக இருந்தாலும் அன்று எங்கள் அறையில் யாரும் சிரிக்கவில்லை. அவளுடைய பதிவுக்காலம் அந்த மாதத்தோடு முடிகிறது. ஏற்கெனவே நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது, இனிமேல் கிடையாது என்று கைடு கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பிடிக்காத மீனை வைத்துப் போட்ட கணிப்பைக் கொடுத்தால் தீசிஸ் திரும்பி வரும். கொடுக்காமலிருந்தால் பதிவே காலாவதி. எந்தப் பக்கம் போனாலும் அவளுடைய இத்தனை வருட உழைப்பு போய்விடும்.

ஞாயிறுகளில் பூஜ்யம் போட்டுப் பார்த்தோம். உடனே பேக்கேஜ் வாரத்துக்கொரு முறை கடலில் மீன் செத்துவிட்டதாக எண்ணிக்கொண்டு திங்கட்கிழமைக் கணிப்பையும் கவிழ்த்தது. ஞாயிறுகளை வெட்டியே எறிந்து பார்த்தோம். சனிக்கிழமைக் காற்றும் திங்கட்கிழமை மீனும் அடுத்தடுத்த நாளாகிவிட்டன. காற்றை வைத்துத்தானே ஆராய்ச்சியே! கடலில் மீன் இருந்தது, காற்றும் அடித்தது, மனிதர்கள்தான் போகவில்லை. இதைச் சொல்வதற்கு அந்த பேக்கேஜில் வழியே இல்லை. வேறு பேக்கேஜ்களையும் உருட்டிப் பார்த்தேன். ஒன்று நிரப்பின, இல்லையென்றால் பூஜ்யமாக்கின. ஜெசிந்தா லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்தாள். சுனிலண்ணன்தான் அவளைப் பார்த்து, “எலே மக்கா, இத எழுதினவரும் மனுசன்தானே? ஒரு மெயில் போட்டுக் கேட்டாத்தான் என்னவாக்கும்?” என்றார்.

மரணத்துக்கு எத்தனை நாள்?

எல்லா பேக்கேஜிலும் பராமரிக்கிறவரின் மெயில் முகவரி இருக்கும். நம்மில் எத்தனை பேர் அதைப் பார்த்திருக்கிறோம்? எரர் வந்தால் திட்டுவதற்குக்கூட நாம் அங்கே எழுதுவதில்லை. ஜெசிந்தாவே உட்கார்ந்து எழுதினாள். கரையின் பழக்கம், வெற்றிடம், பூஜ்யம் எல்லாம் விளக்கமாக. அனுப்பிய பிறகும் எனக்கு நம்பிக்கையில்லை. சம்பளமில்லாமல் செய்கிற வேலை, அவருக்கு நம்மிடம் என்ன கடமை?

மறுநாள் காலையில் கடை திறந்தபோது பதில் வந்து கிடந்தது. எழுதியவர் ஏதோ ஒரு குளிர்நாட்டில் ஆற்று நீர்மட்டம் அளக்கும் வேலை பார்க்கிற ஒரு அம்மா. ஞாயிற்றுக்கிழமையும் ஆறு ஓடும். அதனால் அளவு இல்லையென்றால் அளவுமானி பழுதாகியிருக்கிறது என்றுதான் அர்த்தம், வேறு மாதிரி தனக்குத் தோன்றவேயில்லை என்று எழுதியிருந்தார். சமாளிப்பு இல்லை, வீறாப்பு இல்லை. உங்கள் கரையில் என்னென்ன காரணத்துக்காகக் கடலுக்குப் போகமாட்டார்கள், சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார். படித்ததும் அந்த அம்மாவைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

ஜெசிந்தா பதில் போட்டாள். ஞாயிறு, மாதா கோயில் திருநாள், கரையில் மரணம், காற்று எச்சரிக்கை. இதில் காற்று எச்சரிக்கையை மற்றவற்றோடு சேர்க்கக் கூடாது என்று தனியாகவும் எழுதினாள். காற்றுக்காகப் போகாத நாள் கடலைப் பற்றி ஏதோ சொல்கிறது. மற்ற நாட்கள் மனிதர்களைப் பற்றித்தான் சொல்கின்றன. நான் இத்தனை வருடம் வகுப்பெடுத்தும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. திரும்பி வந்த மெயிலில் ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது. மரணம் என்றால் எத்தனை நாள் போகமாட்டார்கள்? நான் வாசித்துக் காட்டியதும் ஜெசிந்தா சொன்னாள்: “அடக்கம் முடியும் வர. அதுக்கு மேல வீட்டுல அடுப்பு எரியாண்டாமா டீச்சர்?”

செவ்வாய்க்கிழமை

அந்த வாரத்துக்குள்ளேயே பேக்கேஜின் புதுப்பதிப்பு வந்துவிட்டது. ஓய்வுநாள் என்று தனியாகக் குறிக்கலாம். குறித்தால் மீனை இட்டு நிரப்பாது, கடலைக் காலி என்றும் நினைக்காது, காற்றை மட்டும் எண்ணிக்கொள்ளும். பதிப்புக் குறிப்பில் இந்த வழியைச் சொன்னவர் ஜெசிந்தா என்று நன்றியும் இருந்தது. ஓட்டிப் பார்த்தோம். காற்றுக்கும் மறுநாள் மீனுக்கும் உள்ள உறவு கலங்காமல் தெளிந்து நின்றது. சுனிலண்ணன் பஃப்ஸ் நேரத்திலும் எழுந்திருக்காமல் பக்கம் பிரித்தார். மாதம் முடிவதற்குள் தீசிஸ் போய்ச் சேர்ந்தது.

மதிப்பீடெல்லாம் முடிந்து, தீசிஸைச் சபை முன்னால் நின்று விளக்கும் ஓப்பன் டிஃபென்ஸுக்கு நாள் குறித்தார்கள். அதில் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வியும் கேட்கலாம். பொதுவாகக் கூடப் படிக்கிறவர்கள் வந்து, கேட்கவேண்டுமே என்று எதையாவது கேட்டுவிட்டு டீ குடித்துப் போவார்கள். அன்று நான் ஹாலுக்குள் நுழைந்தால் பின்வரிசை முழுக்க வெள்ளை வேட்டி. அருள்தாசனும் அவரோடு வள்ளத்தில் போகிறவர்களும் குளித்து, தலை சீவி, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர்கூட செல்போனை எடுக்கவில்லை. ஜெசிந்தா பேசப் பேச, காற்று என்று வருகிற இடத்திலெல்லாம் அவர்கள் தலை ஆடியது.

முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், அவள் இப்போது டாக்டர் ஜெசிந்தா. தேர்வாளர் கேட்ட எல்லாவற்றுக்கும் நின்று பதில் சொன்னாள். ஓய்வுநாளை எப்படிக் கணக்கில் எடுத்தாள் என்பதைத்தான் அவர் அதிகம் பாராட்டினார். கடைசியில் கூட்டத்துக்குத் தலைமை வகித்தவர் வழக்கப்படி, சபையில் யாருக்காவது கேள்வி உண்டா என்றார். அருள்தாசன் எழுந்தார். வேட்டியைச் சரி செய்துகொண்டார். மகள் முகம் வெளிறிப்போனது. நானும் பதறித்தான் போனேன்.

அவர் நிதானமாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு மகளைப் பார்த்துக் கேட்டார்: “மக்கா, இன்னைக்கு செவ்வாக்கிழம. காத்தும் இல்ல, திருநாளும் இல்ல, ஆரும் சாவவும் இல்ல. கடலு நல்லாத்தான் கெடக்கு. இருந்தும் நம்ம வள்ளக்காரங்க ஒருத்தரும் போவல்ல, எல்லாரும் இஞ்ச வந்து இருக்கோம். இத நீ எந்தக் கணக்குல எழுதுவ?”

எதற்கும் ஒரு பேக்கேஜ் உண்டு என்று வாடிக்கையாளர்களுக்குத் தைரியம் சொல்லி வந்த நான், அன்று முதல் ‘அநேகமாக உண்டு’ என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.