நான் சாகவில்லை, ஊதிக்கொண்டிருக்கிறேன்

போன வருடம் மாசி மாதம். அக்கரப்பத்தனைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், நாங்கள் குடியிருக்கும் லைன் வீடுகளான லயத்திலிருந்து பஸ் ரோட்டுக்கு இறங்கும் பாதையில் ஒரு காலை நேரத்தில் நடந்தது இது. இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல்தான் முதலில் வருகிறது. சிரிப்பு அதற்குப் பிறகுதான்.

எனக்கு நுரையீரலில் நாட்பட்ட நோய். பீடி, சிகரெட்டைக் கையால் தொட்டதில்லை. சின்ன வயதிலிருந்து ஈர விறகை ஊதி ஊதி அடுப்பெரித்ததற்குக் கிடைத்த பரிசு என்று டாக்டர் சொன்னார். நெஞ்சு பழையபடி ஆகாது, இருக்கிற மூச்சைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லி, வாயில் வைத்து மருந்தை இழுக்கும் ஒரு பம்பைக் கையில் கொடுத்து, பிசியோதெரபி மிஸ்ஸிடம் அனுப்பினார்.

அந்த மிஸ் சிங்களப் பிள்ளை. பாதி தமிழ், பாதி சிங்களம், மீதி கை ஜாடை. மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து, சுடச்சுட இருக்கும் பிளேன்டீயை ஊதுகிற மாதிரி மெதுவாக விடச் சொன்னார். "ஹெமின், ஹெமின் அம்மா", மெதுவாக மெதுவாக என்று என் முதுகைத் தடவிக்கொண்டே இருப்பார். தினமும் நடக்க வேண்டும். மூச்சு வாங்கினால் பயப்படக் கூடாது. நின்று, முன்னால் குனிந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு ஊத வேண்டும், அந்த நேரத்தில் வாயைத் திறந்து பேசக் கூடாது. பக்கத்து அறை மிஸ் ஒருத்தர் சமையலை ஸ்டூலில் உட்கார்ந்து செய்யவும், கனமானதைத் தூக்கும்போது மூச்சை வெளியே விடவும் பழக்கினார். மருந்தை விட இதெல்லாம்தான் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் செய்யச் செய்ய வித்தியாசம் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் எல்லாம் சரியாகத்தான் நடந்தது. வீட்டுக்கு வந்தால்தான் கஷ்டம். நோய் வந்தால் படுக்க வேண்டும், இதுதான் எங்கள் லயத்துச் சட்டம். நான் ஸ்டூலில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கினால், பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, மகாராணி சிம்மாசனத்தில் இருந்து சமைக்கிறாளே என்பார். அதே நான் எழுந்து நடக்கப் புறப்பட்டால், இந்த உடம்போடு எங்கே கிளம்புகிறாய் என்று அவரேதான் கையைப் பிடித்து இழுப்பார். என் வீட்டுக்காரர் இன்னும் மோசம். குடத்தைத் தொட்டால் பிடுங்குவார், விளக்குமாறைத் தொட்டால் பிடுங்குவார். போதாக்குறைக்கு நெஞ்சுக்கு நல்லது என்று யாராவது வந்து சாம்பிராணி போட்டுவிட்டுப் போவார்கள். புகையால் வந்த நோய்க்குப் புகையே போடுகிறவர்களிடம் என்ன பேசுவது?

எனக்கு அப்போது ஒரே ஒரு வேண்டுதல்தான். மஸ்கெலியாவில் கட்டிக்கொடுத்த என் மகளுக்கு அது தலைப்பிரசவம். பிள்ளை பெற தாய் வீட்டுக்கு வர வேண்டியவள். சம்பந்தியம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "அந்தம்மாவுக்கே மூச்சு விட ஒரு ஆள் வேணும், அவங்க எங்க புள்ளத்தாச்சிய பாக்குறது?" என்று என் மகளிடமே சொல்லிவிட்டார். அந்தப் பேச்சு என் நெஞ்சு நோயை விட அதிகமாக வலித்தது. ரோட்டுக்கு இறங்கி ஏறுகிற அளவுக்கு நெஞ்சைத் தேற்றி, அவர் வாயை அடைக்க வேண்டும் என்றுதான் யார் தடுத்தாலும் கேட்காமல் தினமும் நடந்தேன்.

அன்று ரோடு வரைக்கும் இறங்கிவிட்டு, சந்தோஷமாகத் திரும்பி ஏறிக்கொண்டிருந்தேன். பாதி ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. மிஸ் சொன்னபடி நின்றேன், குனிந்தேன், முழங்காலில் கையை ஊன்றி ஊதத் தொடங்கினேன். நன்றாகத்தான் இருந்தேன். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் வீட்டுக்குப் போய் தேநீர் குடித்திருப்பேன்.

எதிர் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா இதைப் பார்த்துவிட்டார். "ஐயோ, தங்கச்சிக்கு மூச்சு அடைச்சிருச்சு, ஓடியாங்க" என்று அவர் போட்ட சத்தத்தில் மலையே காலியாகிவிட்டது. கூடைகளைப் போட்டுவிட்டுப் பெண்கள் ஓடி வந்தார்கள். தேயிலைச் செடிகளைக் கழித்துக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த ஆண்கள் கம்போடு வந்தார்கள். யாரோ லயத்திலிருந்து கம்பளியைக் கொண்டுவந்தார்கள். ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினேன், தலையை ஆட்டினேன். பேசினால்தான் நம்புவார்கள், ஆனால் ஊதுகிறபோது பேச முடியாதே. "பாருங்க, கை கால் இழுக்குது" என்றார் அக்கா.

ரோடு போகாத லயங்களில் நோயாளியைக் கம்பளியில் கிடத்தி, கம்பில் கட்டித் தூக்குவதுதான் வழக்கம். என்னையும் மல்லாக்கக் கிடத்திக் கட்டினார்கள். அதுதான் வினை. என்னைப் போன்றவர்களை மட்டமாகப் படுக்க வைக்கவே கூடாது. கம்பளிக்குள் மடங்கிக் கிடந்ததும் நிஜமாகவே மூச்சு முட்டிவிட்டது. வாய்க்கு மேல் கம்பளி, நெஞ்சின் மேல் என் முழங்கால். நோயால் சாகாதவள் உதவியால் சாகப் போகிறேன் என்று தெளிவாகத் தெரிந்தது. தூக்கிக்கொண்டு ஓடுகிற ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி மனதுக்குள் திட்டினேன். திட்டத்தான் முடிந்தது.

தோட்டத்து டிஸ்பென்சரியில் கொண்டுபோய் இறக்கினார்கள். அங்கே மருந்து கொடுக்கும் ஐயா பார்த்த உடனே, "தூக்கி நிமித்தி ஒக்கார வையுங்க முதல்ல" என்று அதட்டினார். முன்னால் சாய்த்து உட்கார வைத்து, பம்பை அடித்து, ஒட்சிசன் மூடியை முகத்தில் வைத்தார். கொஞ்சம் கொஞ்சமாக உயிர் திரும்பி வந்தது. வெளியே அக்கா, நல்லவேளை நான் பார்த்தேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. எழுந்து போய்ச் சண்டை போடத் தெம்பில்லை.

அதற்குள் செய்தி மஸ்கெலியா போய்விட்டது. கம்பளியில் தூக்கிப் போனார்கள் என்றால் எங்கள் பக்கம் அதற்கு ஒரே அர்த்தம்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு பஸ் மாறி மாறி அழுதுகொண்டே வந்தாள் என் மகள். கூடவே சம்பந்தியம்மா. நான் வீட்டில் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தும் அவர் முகம் மாறவில்லை. தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு மகளைக் கையோடு திரும்பக் கூட்டிக்கொண்டு போனார். தாய் வீட்டுப் பேச்சு இனி வேண்டாம் என்று வாசலில் சொல்லிவிட்டுத்தான் போனார். அன்றைக்கு நான் அழுத அழுகை மூச்சு வாங்கியதால் அல்ல.

அடுத்த கிளினிக்கில் மிஸ்ஸிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "அம்மா மட்டும் படிச்சா பத்தாது. லைன்ல எல்லாரும் படிக்கணும்" என்றார். எல்லாரையும் நான் எப்படி இங்கே கூட்டி வருவது என்று எரிந்து விழுந்தேன். அவங்களை நீங்க தேடிப் போங்க என்றார் அமைதியாக.

மறுநாள் காலை பெரட்டுக்குப் போனேன். வேலை பிரித்துக் கொடுக்க எல்லாரும் கூடுகிற இடம் அதுதான். கங்காணியிடம் கேட்டுக்கொண்டு, எல்லார் முன்னாலும் குனிந்து நின்று ஊதிக் காட்டினேன். இப்படி நின்றால் நான் சாகவில்லை, கிட்டே வராதீர்கள் என்றேன். இருந்த கோபத்தில் அன்றைய கூத்தையும் சேர்த்து விளாசிவிட்டேன். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. அக்காதான், "அப்ப எப்பதான் தூக்குறது, அதச் சொல்லு" என்று கேட்டார். நியாயமான கேள்வி. உதடு நீலமாகிவிட்டால், என் பெயரைக்கூட என்னால் சொல்ல முடியாவிட்டால் தூக்குங்கள், ஆனால் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்குங்கள் என்றேன். தூரத்தில் இருந்தால் எப்படித் தெரியும் என்றார் இன்னொருத்தி. நன்றாக இருந்தால் ஒரு கையை உயர்த்துகிறேன் என்று முடிவானது. அன்று சாயங்காலமே கவ்வாத்து ஆட்கள் கோயில் கொட்டகையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்கள்.

மகள் என்ன பிடிவாதம் பிடித்தாளோ, கொஞ்ச நாளில் சம்பந்தியம்மா தனியாகப் புறப்பட்டு வந்தார், என்னை நேரில் பார்த்து முடிவு பண்ணுவதற்காம். பஸ் நிற்கும் இடத்துக்கே இறங்கிப் போய்க் கூட்டி வந்தேன். நான் ஊதி ஊதி, நின்று நின்று ஏறினேன். அவர் கடைத்தெருவில் சமதரையில் நடந்து பழகியவர், விறுவிறுவென்று முன்னால் போனார். பாதி ஏற்றத்தில், நான் அன்று நின்ற அதே இடத்தில், இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். முகமெல்லாம் வேர்வை. நான் அவர் கைகளை எடுத்து முழங்காலில் வைத்து, "பிளேன்டீ ஊதுற மாதிரி ஊதுங்க சம்பந்தி, பேசாதீங்க" என்றேன்.

மலையிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"தங்கச்சி, ஊதுறீங்களா, தூக்கணுமா?"

நான் கையை உயர்த்தினேன். சம்பந்தியம்மாவும் குனிந்தபடியே ஒரு கையை உயர்த்தினார். மலையில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் மறுபடி கொழுந்துக்குத் திரும்பினார்கள். வீட்டில் தேநீர் குடித்து முடித்த பிறகு, மகளை அடுத்த வாரம் கொண்டுவந்து விடுவதாக அவராகவே சொன்னார். சாம்பிராணி மட்டும் போட வேண்டாமாம், பிள்ளைக்கு ஆகாதாம். அதை அவர் எனக்குச் சொல்கிறார்!

பேத்தி இப்போது தவழ்கிறாள். நான் இன்றைக்கும் நடக்கிறேன், இன்றைக்கும் அதே ஏற்றத்தில் நின்று ஊதுகிறேன். அரைப் பேர் விழுந்து அன்றைய சம்பளத்தில் பாதி போய், கங்காணியிடம் ஏச்சும் கேட்க நேரும் என்று தெரிந்தும் கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தவர்கள்தான் அந்தப் பெண்கள் என்பது கோபம் ஆறிய பிறகுதான் எனக்கு உறைத்தது. சில நாள் அவர்கள் வேறு மலைக்குக் கொழுந்தெடுக்கப் போய்விடுகிறார்கள். தூக்கணுமா என்று கேட்க யாருமில்லாத அந்த நாட்களில்தான் எனக்கு ஏற்றம் அதிகமாகத் தெரிகிறது.