ஐந்து நிமிடமும் அவர்களே, அவர்களே

கம்பெனி ஆண்டு விழாவில் தொழிலாளர் சார்பாகப் பேச என்னைத்தான் பிடித்தார்கள். திறமையெல்லாம் ஒன்றுமில்லை. கும்மிடிப்பூண்டி ஷிப்ட் பஸ்ஸில் வாய் ஓயாத ஆள் நான் ஒருவன்தான்.

பேச வேண்டியது ஒரே விஷயம். பேக்கிங் செக்‌ஷன் பெண்களை பஸ் எளாவூர் நெடுஞ்சாலையிலேயே இறக்கிவிட்டுப் போய்விடும். மழைக்காலத்தில் சீக்கிரமே இருட்டிவிடும். லாரிகளுக்கு ஒதுங்கி, வயல் நடுவே விளக்கில்லாத ரோட்டில் ஊருக்கு நடக்க வேண்டும். பஸ் ஊருக்குள் போகவேண்டும் என்று கேட்க எனக்கு ஐந்து நிமிடம்.

அந்த வாரம் முழுக்க நான் தரையில் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்தால், ஏரித் தண்ணீரெல்லாம் எனக்காகக் கூடிய ஜனம். கொக்கு பறந்தால் கைதட்டல். புகைபோக்கிகள் வரிசையாக எழுந்து நின்று மரியாதை செய்தன. கம்பெனி உலை இரைச்சலில் ஒத்திகை பார்த்தேன். யாருக்கும் கேட்காததால் பிரமாதமாக இருந்தது.

மேடையில் இருப்பவர்களை ஒவ்வொருவராக, அடைமொழி போட்டு, 'அவர்களே' என்று விளித்த பிறகுதானே நம்மவர்கள் பேசவே தொடங்குவார்கள்? பக்கத்து சீட்டு பேக்கிங் அக்காவிடம் அதைச் சொல்லிக் காட்டினேன். எளாவூர் செக்போஸ்ட் வந்தும் முடியவில்லை.

"இதுல பஸ்ஸு எங்கபா வருது?" என்றார் அக்கா.

"வந்துகினே கீதுக்கா."

"அதுக்குள்ள நான் நடந்தே ஊடு போய்ச் சேந்துடுவேன்."

விழா மேடையில் நான் நினைத்ததைவிடக் கூட்டம். யாரை விட்டாலும் வருத்தம். பொன்னாடை போர்த்தியவர், போர்த்தக் காத்திருந்தவர் என்று விளித்துக்கொண்டே சுகமாக மிதந்தேன். மணி அடித்தது. நேரம் முடிந்துவிட்டதாம்.

கீழே அக்கா தலையில் கை வைத்திருந்தார். மேனேஜர் மைக்குக்காகக் கை நீட்டினார். மூளை நின்றுவிட்டது. வாய் மட்டும் அதே வேகத்தில் இன்னொருவரை விளித்தது.

"எளாவூர்ல எறங்கி, இருட்டுல, லாரிக்கு பயந்து பயந்து ஊட்டுக்கு நடந்து போற எங்க பேக்கிங் அக்காங்க அவர்களே."

கிளம்பிய சிரிப்பு பாதியில் நின்றது. மேனேஜர் கையை இறக்கி, யார் அப்படி நடப்பது என்று கேட்டார். பெண்கள் மொத்தமாக எழுந்து நின்றார்கள். மைக் இல்லாமல், ஒருவரையும் விளிக்காமல், அக்கா இரண்டே வரியில் என் பேச்சைப் பேசி முடித்தார்.

இப்போது பஸ் ஊருக்குள் போகிறது. எளாவூர் தாண்டிப் போகவேண்டிய நான் தினமும் தாமதமாக வீடு சேர்ந்து திட்டு வாங்குகிறேன். கடைசிப் பெண் தன் வாசலேறிக் கை காட்டும்வரை டிரைவர் பஸ்ஸை நகர்த்துவதில்லை. ஹெட்லைட் வெளிச்சத்தில் ஈசல் பறக்கிறது. நான்கூட அப்போது பேசுவதில்லை.